‘அப்படியே போட்டோ மாதிரி’ என்பது பாராட்டா? – ஓவியர் இளையராஜாவை முன்வைத்து

வாசகர் கேள்வி – 2024 ஜூன் 3

குடும்பக் குழுவில் இன்று ஒரு படம் வந்தது. பாவாடை தாவணி அணிந்த பெண் ஒருத்தி பழைய வீட்டின் கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். அருகில் பித்தளைக் குடம். ‘இது புகைப்படம் அல்ல, ஓவியம்’ என்று கீழே எழுதியிருந்தது. வரைந்தவர் மறைந்த ஓவியர் இளையராஜா என்று பிறகு அறிந்தேன். திறமையை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நொடியில் கேமரா செய்துவிடுகிற வேலையை ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்வதில் கலை எங்கே இருக்கிறது? பொறுமையைத்தானே நாம் பாராட்டுகிறோம்?

ஜூன் 3, இரவு

கேமரா செய்கிற வேலையை அவர் செய்யவில்லை. நாளை மாலையே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் விழுகிற அறையில், சாளரமும் சட்டத்துக்குள் வருமாறு, ஒருவரை உட்கார வைத்துப் படம் எடுங்கள். முகம் தெளிவாக வந்தால் சாளரம் வெள்ளைத் தாளாகிவிடும். சாளரத்தின் கம்பிகள் தெரிந்தால் முகம் கரியாகிவிடும். இளையராஜாவின் ஓவியத்தில் கதவின் மரவரியும் தெரிகிறது, வெயில் படாத கன்னமும் தெரிகிறது. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருப்பது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை. ஓவியர் அதை வரைகிறார்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியது அவசர பதில். நான் யார், எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஏனென்றால் ‘அப்படியே போட்டோ மாதிரி’ என்ற சொல்லுக்காக நான் ஒரு காலத்தில் ஏங்கியிருக்கிறேன்.

பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை கிடைப்பதற்கு முன்பு ஆறு ஆண்டுகள் சினிமா பேனர் வரையும் கொட்டகையில் இருந்தேன். முதல் ஓராண்டு தூரிகையைத் தொடவிடவில்லை. காடாத் துணிக்குப் பூச்சுக் கொடுப்பது, பொடி வண்ணத்தை எண்ணெயில் குழைப்பது, மாஸ்டருக்கு டீ வாங்கி வருவது ஆகியவையே என் கலைக்கல்வி. பிறகு கட்டம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கையகலப் புகைப்படத்தின் மேல் பென்சிலால் சிறு கட்டங்கள். இருபது அடித் துணியின் மேல் சுண்ணத்தூள் தோய்ந்த நூலை இழுத்துச் சுண்டிப் பெரிய கட்டங்கள். நடிகரின் மூக்கு நுனி எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில் துணியிலும் இருக்க வேண்டும். திரையரங்க வாசலில் நின்று ஒருவர் ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்குப்பா’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எங்களுக்குப் பரோட்டா உண்டு.

எனவே அந்தப் பாராட்டை நான் இளக்காரம் செய்யவில்லை. அது போதாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஜூன் 4, மாலை

‘அப்படியானால் இளையராஜாவும் புகைப்படத்தைப் பார்த்துத்தானே வரைந்திருப்பார்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புகைப்படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வது இன்றைய யதார்த்த ஓவியர்களிடம் பொது வழக்கம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு சமைத்தால் குழம்பு குறிப்பினுடையது ஆகிவிடாது. லென்ஸின் உதவியும் இன்று பிறந்ததன்று. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃபெர்மீர், வெளிக்காட்சியை லென்ஸ் வழியே உள்ளே விழவைக்கிற இருட்டறைப் பெட்டியின் வழியாகப் பார்த்து வரைந்தாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அவருடைய எல்லாப் படங்களிலும் இடப்பக்கச் சாளரத்திலிருந்து வெளிச்சம் வரும். இளையராஜாவின் கதவோரப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரத்துச் சாளரம்தான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 5

திருத்தம். ‘எல்லாப் படங்களிலும்’ என்று எழுதியது தவறு. பெரும்பாலான படங்களில் என்று எழுதியிருக்க வேண்டும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிற, லேஸ் பின்னும் பெண்ணின் படத்தில் ஃபெர்மீர் வெளிச்சத்தை வலப்பக்கமிருந்து விட்டிருக்கிறார். எனக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு என்பதால் இந்தத் தவறு கூடுதலாக உறுத்துகிறது. படம் ஒரு நோட்டுப் புத்தக அளவுகூட இல்லை. ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம். அதில் பெண்ணின் விரல்களுக்கு இடையே இருக்கிற நூல் கத்திபோலத் துல்லியமாக இருக்கிறது. முன்னால் மெத்தையிலிருந்து வழிகிற சிவப்பு, வெள்ளை நூல்களோ சிந்திய வண்ணம்போல் உருகிக் கிடக்கின்றன. லென்ஸில் குவியம் தவறிய இடம் அப்படித்தான் தெரியும். ஆக, கேமரா என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே ஓர் ஓவியர் லென்ஸின் குறையை எடுத்துத் தன் வசதிக்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பார்ப்பவரின் கண் போக வேண்டிய இடத்தில் மட்டும் கூர்மை. மற்ற இடங்களில் அலட்சியம். அந்த அலட்சியத்தைத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

ஜூன் 7

இரண்டு பேர் தனித்தனியாக ‘இசைஞானி இவ்வளவு நன்றாகப் படமும் வரைவாரா’ என்று கேட்டுவிட்டார்கள். இது வேறு இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பிறகு சென்னைக் கல்லூரியிலும் படித்தவர். 2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலையில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில்தான் அவருக்குப் பல பத்தாண்டுகள் முன்பு பத்திரிகை ஓவியர் கோபுலுவும் படித்தார். ஒரே ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவர் நாலு கோட்டில் ஒரு தாசில்தாரின் தொப்பையையும் கர்வத்தையும் கொண்டுவந்தார். இன்னொருவர் ஒரு தொங்கட்டானின் நிழலுக்கு நாலு வண்ணம் குழைத்தார்.

ஜூன் 9, நீண்ட குறிப்பு

நிறத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும் பெரும்பாலும் வெளுத்த நிறத்தினர். அந்தப் படங்கள் நம் பூஜை அறைகளில் மாட்டப்பட்டன, காலண்டர்களுக்குப் போயின, பிறகு வாரப் பத்திரிகை அட்டைகளின் பெண்களும் மஞ்சள் பூசிய வெளுப்பிலேயே பல பத்தாண்டுகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானே பேனரில் எத்தனையோ மாநிற நடிகைகளை ரோஜா நிறத்தில் குளிப்பாட்டியிருக்கிறேன். மாஸ்டர் அப்படித்தான் சொல்வார், விநியோகஸ்தரும் அப்படித்தான் கேட்பார். இளையராஜாவின் திராவிடப் பெண்கள் வரிசையில் கறுத்த பெண்ணின் தோல் படத்தின் முதன்மையான வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. அவள் யாருடைய பின்னணியிலும் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிறவள் அல்லள்.

கறுத்த தோலை வரைவதில் தொழில் ரீதியான ஒரு சிக்கல் உண்டு. வெளுத்த தோலில் நிழலைக் கொஞ்சம் அடர்த்தியாகப் பூசினால் வடிவம் வந்துவிடும். கறுத்த தோலிலோ வடிவத்தைக் காட்டுவது நிழல் அன்று, பிரதிபலிப்பு. கன்னத்து எலும்பின் மேல் வானத்தின் நீலம் விழும். தாடைக்கு அடியில் தாவணியின் பச்சையோ சிவப்போ எதிரொளிக்கும். மூக்கின் ஓரத்தில் ஒரு செம்புக் கீற்று இருக்கும். இவை தெரியாத கை, கறுப்பு வண்ணத்தை எடுத்துக் கலக்கும். முகம் உடனே செத்துவிடும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தாலே உயிருள்ள கருமை கிடைக்கும். கறுப்பு வண்ணக் குழாயை நல்ல ஓவியர் எவரும் தொடமாட்டார்.

என் வகுப்பில் நடந்தது ஒன்று. கிரேயான் பெட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு குச்சி இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் அதை ‘ஸ்கின் கலர்’ என்பார்கள். அந்த நிறத்தில் தோல் உள்ள ஒரு குழந்தையும் அந்தப் பள்ளியில் இருந்ததில்லை. ஒருமுறை, பத்திரிகையில் வந்த இளையராஜாவின் படமொன்றைக் கத்தரித்துக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அம்மாவின் முகத்தை மர நிறக் குச்சியால் தீட்டிக்கொண்டு வந்து, ‘சார், மூஞ்சி அழுக்காயிருக்கிற மாதிரி தெரியுது’ என்றாள். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ஆரஞ்சை மேலே ஏற்றச் சொன்னேன், அப்போதும் மங்கல்தான். அவளாகவே தலையில் விரலை வைத்துத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் தேய்த்தாள். மெழுகு உருகிப் படர்ந்து முகம் பளபளத்தது. அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் எண்ணெய் மணத்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

ஜூன் 10

‘கறுப்பு வண்ணத்தை நல்ல ஓவியர் எவரும் தொடமாட்டார் என்றால் ஆதிமூலம் யார்’ என்று கேட்டிருக்கிறீர்கள். அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த நூறு காந்திகளும் வெறும் கருப்புக் கோடுகள்தாம். வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். தோலின் நிழலைக் குறித்துச் சொல்லவந்ததை உலகப் பொதுச் சட்டமாக எழுதிவிட்டேன். நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழிலின் பின்விளைவு.

ஆனால் இந்தக் கேள்வி வேறொரு கதவைத் திறக்கிறது. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஜூனியர் விகடனில் ஆதிமூலம் வரைந்த கோடுகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு சம்சாரியின் (கரிசல் விவசாயியின்) தோள் எலும்பு, ஒரு தலைப்பாகை, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாத வெள்ளைத் தாள். அந்த வெள்ளைதான் வெயில். எதையும் பூசாமல் வெயிலைக் கொண்டுவந்தவர் அவர்; ஏழு அடுக்குப் பூசி வெயிலைக் கொண்டுவந்தவர் இளையராஜா. ‘போட்டோ மாதிரி’ என்ற அளவுகோலை வைத்துக்கொண்டால் இவர்களில் ஒருவரை நாம் இழந்துவிடுவோம்.

ஜூன் 14

கடுமையான ஒரு குறிப்பு வந்திருக்கிறது. இளையராஜாவின் கிராமத்தில் வியர்வை இல்லை, கடன் இல்லை, சாதி இல்லை, கிழிந்த துணி இல்லை. நகரத்துச் சுவரில் மாட்டுவதற்கான ஏக்கத்தை விற்கிற அழகு மட்டும் இருக்கிறது என்கிறார் எழுதியவர். இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படங்களில் வேலை நடப்பதைவிட வேலை முடிந்த பிறகான ஓய்வுதான் அதிகம். அந்த வீட்டில் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் குடத்தைப் புளி போட்டு விளக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் உழைக்கிற பெண்ணை உழைப்பின் வேதனையோடு மட்டும்தான் வரைய வேண்டும் என்றால், ஒரு பிற்பகல் முழுவதும் கதவில் சாய்ந்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் உரிமையை அவளுக்கு எந்த ஓவியத்தில் கொடுப்பது? என் அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் படங்களின் முன் நான் நீண்ட நேரம் நின்றுவிடுகிறேன். இது ஏக்கம்தான், ஏக்கம் என்று சொல்லிவிட்டாலே படம் தோற்றுவிட்டதாக ஆகாது.

ஜூன் 15

நேற்றைய குறிப்பைப் படித்த என் மனைவி, ‘உங்கள் அம்மா மத்தியானம் தினமும் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்’ என்கிறாள். பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஜூன் 19

பத்திரிகை ஓவியர் மாருதியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் வருந்துகிறார். 2023 ஜூலையில் மாருதி இறந்தபோது எனக்கு உறவினர் இறந்ததுபோல இருந்தது. காரணம் அவருடைய அட்டைப்படங்கள் மட்டும் அல்ல. புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்து, பத்திரிகைக்குள் நுழைவதற்கு முன்பு அவரும் சினிமா பேனர் வரைந்தவர். அவர் வரைந்த முகங்களில் கருவிழி மட்டும் இயல்புக்குக் கொஞ்சம் பெரிதாக, ஈரமாக இருக்கும். எங்கள் கொட்டகையிலும் கண்ணைப் பெரிதாக்குவோம். அறுபது அடி தள்ளி நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே. அந்தப் பழக்கம் கைக்குள்ளேயே தங்கி, ஒரு சாண் அகலத் தாளிலும் அவருக்குத் தொடர்ந்து வந்ததோ என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

ஜூன் 23

‘கேமரா ஒரு நொடியில் செய்துவிடும்’ என்ற முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், மனோகர் தேவதாஸை வைத்து.

மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் யானைமலையையும் பேனாவும் மையும் கொண்டு வரைந்தவர். விழித்திரை மெல்லக் கெட்டு, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய் அவருக்கு இருந்தது. கார் விபத்துக்குப் பின் கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த தம் மனைவி மஹிமாவைப் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டபடியே அவர் வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் மறைந்தார். அவருடைய பேனா ஓவியத்தில் ஓட்டுவீட்டின் ஒவ்வோர் ஓடும், சுவரின் ஒவ்வொரு காரை பெயர்ந்த இடமும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு அதுவும் ‘போட்டோ மாதிரி’தான். ஆனால் கேமரா ஓடுகளை எண்ணுவதில்லை. அவர் ஒவ்வொன்றாக எண்ணியாக வேண்டும். ஒரு குழாயின் வழியாகப் பார்ப்பதுபோலச் சிறு வட்டம் மட்டுமே தெரிகிற கண்ணுக்கு முழு வீதியும் ஒருசேரத் தெரியாது. துண்டு துண்டாகப் பார்த்ததை மனத்தில் அடுக்கி, தாளில் பிசகில்லாமல் கோத்திருக்கிறார். பொறுமையைத்தானே பாராட்டுகிறோம் என்று கேட்டீர்கள். ஆம், இங்கே பொறுமையையும் பாராட்டத்தான் வேண்டும். முதல் நாள் நான் அதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன்.

ஜூலை 1

ஓய்வுபெற்றவனுக்குப் புத்தி சும்மா இருக்காது. இளையராஜாவின் குடத்தை மட்டும் படியெடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்து ஒன்பது நாளாகிறது. நகலெடுப்பது இழிவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் ரசிக்கிற ஓவியரின் முடிவுகளை என் கை வழியாகத் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதல் மூன்று நாள் குடத்தை மஞ்சளால் வரைந்தேன், பூசணிக்காய் வந்தது. நான்காம் நாள்தான் பத்திரிகையில் வந்த படத்தின் கத்தரிப்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். நான்கு வண்ணப் புள்ளிகளால் அச்சான படத்தில் நுணுக்கம் பாதி போய்விடுகிறது என்றாலும் ஒன்று தெரிந்தது: நான் மஞ்சள் என்று நம்பிய இடத்தில் மஞ்சள் மிகக் குறைவு. சாம்பல் பச்சை, தாவணியின் சிவப்பு, தரையின் மண் நிறம் ஆகியவைதாம் இருந்தன. ஒரு கீற்று மட்டும் ஏறக்குறைய வெள்ளை. பித்தளைக்கு என்று தனி நிறமே இல்லை, பக்கத்தில் இருப்பவர்களிடம் கடன் வாங்கித்தான் அது பித்தளையாக இருக்கிறது. இருபது ஆண்டு பிள்ளைகளுக்கு ‘குடத்துக்கு மஞ்சள் அடி’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 2

‘நாற்பது ஆண்டு’ என்று ஓரிடத்திலும் ‘இருபது ஆண்டு’ என்று இன்னோரிடத்திலும் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பணிக்காலம் முப்பத்திரண்டு. நிறத்தில் மட்டும் அல்ல, எண்ணிலும் எனக்கு மிகைப்படுத்துகிற பேனர்க் கை.

ஜூலை 6

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். என் முதல் பதிலையே உடைத்துவிட்டார். இப்போதைய கைப்பேசிகளில் எச்டிஆர் என்ற வசதி இருக்கிறது, அது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பலமுறை எடுத்து ஒன்றாக இணைத்துவிடும், எனவே சாளரமும் முகமும் ஒருசேரத் தெரியும் என்கிறார். என் மகனின் கைப்பேசியை வாங்கி, கொல்லைக் கதவருகே குடத்தை வைத்து எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். வெளியே முருங்கை இலை தெரிகிறது, உள்ளே குடத்தின் கழுத்தும் தெரிகிறது. ‘கேமரா செய்கிற வேலையை அவர் செய்யவில்லை’ என்று ஜூன் 3 அன்று நான் எழுதியதற்குக் கொடுத்த காரணம் காலாவதியாகிவிட்டது.

ஜூலை 7

இரவு முழுவதும் அந்தக் கைப்பேசிப் படத்தையும் கத்தரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி எல்லாவற்றையும் காட்டுகிறது: குடம், இலை, மூலையில் கிடக்கும் சாக்கு, சுவரில் ஆணி. எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. இளையராஜா படத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பகுதி வெறும் இருட்டு. அங்கே அறை இருந்திருக்கும், அறைக்குள் பொருள்கள் இருந்திருக்கும். அவற்றை அவர் நமக்குத் தரவில்லை. எல்லாமும் தெரியும்படி வரைவதே அவர் திறமை என்று முதல் நாள் சொன்னேன். தலைகீழாகச் சொல்லியிருக்க வேண்டும்: எதைத் தெரியாமல் விடுவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். லேஸ் பின்னும் பெண்ணைப் பற்றி ஜூன் 5-இல் நானே எழுதியதை நானே ஒழுங்காகப் படிக்கவில்லை.

ஜூலை 9

என் குடத்தின் பின்னால், மூலையில், ஒரு விளக்குமாற்றை வரைந்து வைத்திருந்தேன். ஒவ்வோர் ஈர்க்கும் தனியாகத் தெரியும். இரண்டு நாள் வேலை. பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பாராட்டினார்கள். நேற்று அதன் மேல் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் நீலமும் கலந்து இரண்டு பூச்சுப் பூசி மூடிவிட்டேன். குடம் ஒரு விரற்கடை முன்னால் வந்து நிற்கிறது. பேத்தி மட்டும் படத்துக்கு முன்னால் நின்று, விளக்குமாறு எங்கே தாத்தா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.